மவுஸை யாரும் தொடாதீங்க

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் ஸ்டிக்கர் கடைக் கம்ப்யூட்டர் இன்றைக்கும் ஹேங். வேன் கதவுக்கு ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்த கட்டிங் மெஷின், கடைசி வரியில் கத்தியை ஊன்றியபடி நின்றுவிட்டது. திரையில் மவுஸ் அசையவில்லை, மூலையில் இருக்கிற கடிகாரமும் ஓடவில்லை. சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் உயிர் வருகிறது. வெட்டிய ஷீட் குப்பைக்கு.

பின்னால் தன் நாற்காலியிலிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார்: "நான் வேலை பார்த்துக்கிட்டே இருக்கேன், நின்னுடுச்சு பாரு! எல்லாம் உன் தம்பி விண்டோஸுக்குப் பதிலா போட்டுக் கொடுத்த லினக்ஸ்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "முதல் முதல்ல என்கிட்ட பேச வந்தப்ப நீங்களும் இப்படித்தான் நடுவுல நின்னுட்டீங்க. உங்களை நான் மாத்தினேனா?"

வேன் டிரைவர் சிரித்தார். தம்பி சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. சாப்பிடும்போதும் சிரிக்கவில்லை.

மார்ச் 5, புதன்

தம்பி வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அதிலிருந்து எங்களோடு இருக்கிறான். ஓசிச் சாப்பாடு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று தன் கம்ப்யூட்டரையே கடைக்குக் கொடுத்தான். எங்கள் பழசு பரண்மேல் ஏறியது. அவனிடம் இருந்தவரை இது ஒருநாளும் நின்றதில்லையாம். இங்கே வந்தபிறகுதான் இந்தக் கூத்து.

இன்று காலையில் இவர் தீர்ப்பு சொல்லிவிட்டார். பஸ் கம்பெனி வேலை வந்திருக்கிறது. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஆள் உயர எழுத்து. அடுத்த வாரக் கடைசியில் வெட்டத் தொடங்க வேண்டும்.

"அதுக்குள்ள இது சரியாகலைன்னா பழசை இறக்கிடுவேன். உன் தம்பியும் அவன் வழியைப் பார்த்துக்கட்டும்."

தம்பி காதில் விழுந்துவிட்டது. தூரத்து ஊரில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலை இருக்கிறது என்று சிநேகிதன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். முதுகுவலிக்காரன் பெட்டி தூக்குவதா? "போயிடறேன் அக்கா, உனக்கு எதுக்கு சங்கடம்" என்கிறான். போனால் திரும்பி வருகிற ரகமில்லை அவன். ரோஷக்காரன். அப்பா அம்மா போனபிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான்.

மார்ச் 7, வெள்ளி

கம்ப்யூட்டர் தான் செய்வதை எல்லாம் ஒரு பக்கம் எழுதி வைக்குமாம். லாக் என்று பெயர். தம்பி அதைத் திறந்து காலையிலிருந்து வாசிக்கிறான். நின்றுபோகிற நேரத்துக்கு அதில் ஒரு வரிகூட இல்லை என்றான்.

"செத்தவன் எப்படிடா டைரி எழுதுவான்?" என்றேன்.

"அதேதான் அக்கா பிரச்சினை."

இனிமேல் நின்றால் உடனே கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறான். விளக்கு எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, திரை மட்டும் மாட்டிக்கொண்டது. எரியாவிட்டால் மொத்தமாகப் போய்விட்டது. நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள், இப்போது வைத்தியம் பார்க்கிறேன்.

மார்ச் 8, சனி

நின்றது. அழுத்தினேன். எரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

நேற்று கடை லீவு. தம்பி பெட்டியைப் பிரித்துத் தூசு ஊதினான். சூட்டினால் நிற்கிறதோ என்று ஃபேனைத் துடைத்து மாட்டினான். பிறகு மெமரியைச் சோதிக்கிற ஒன்றை ஓடவிட்டான். பொழுதெல்லாம் ஓடி, ஒரு குறையும் இல்லை என்று முடிந்தது.

இன்று அதைப் படாத பாடு படுத்தினான். நாலைந்து படம் ஒன்றாக ஓடுகிறது, பெரிய பெரிய டிசைன் திறந்து கிடக்கிறது, நடுவில் என்னவோ கறுப்புத் திரையில் தட்டிக்கொண்டே இருக்கிறான். அது அசரவே இல்லை. அவன் கொஞ்சம் வெளியே போக, இவர் போய் உட்கார்ந்து ஸ்டிக்கரை வெட்ட விட்டார். பட்டென்று நின்றது!

"மாமா, அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"என்ன பண்ணுவாங்க? வேலைதான். கண்ணை எடுக்காம திரையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"ஏதாவது திறந்தீங்களா? மூடினீங்களா?"

"என்னடா, போலீஸ் மாதிரி கேக்கற?"

தம்பி முகம் சுருங்கிவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்னால் மேஜையில் உட்கார்ந்து, வெட்டி வந்த எழுத்துகளின் வயிற்றில் மாட்டியிருக்கிற துண்டுகளை ஊசியால் நோண்டி எடுப்பதுதான் என் வேலை. கை இங்கே இருக்கிறது, காது மெஷின்மேல் இருக்கிறது. ஒரு எழுத்து முடிந்து அடுத்ததற்குக் கத்தி நகரும்போது ஒரு நொடி சத்தம் நிற்குமே, அதற்கே தலையைத் தூக்கிப் பார்த்துவிடுகிறேன். இன்று இரண்டு எழுத்தைக் கிழித்துவிட்டேன். யாராவது தோளைத் தொட்டால் துள்ளுகிறேன். ஏன்தான் இந்தப் பாடோ.

மார்ச் 11, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். சொல்ல முடியவில்லை.

இவர் நாற்காலி கடைக்கு உள்பக்கம் பார்த்தபடி இருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் பின்னந்தலைதான் தெரியும். டீ கொடுக்கலாம் என்று பின்னால் போனேன். மெஷின் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தது. இவர் ஒரு கையை மவுஸ்மேல் வைத்தபடி நல்ல தூக்கம். வாய் வேறு திறந்திருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் நின்றது. அந்த அமைதியில் திடுக்கென்று முழித்தார். முழித்த வேகத்தில்,

"பார்த்தியா! வேலை பார்த்துக்கிட்டே இருக்கேன், நின்னுடுச்சு!"

ஐயோ, என் ஜென்மத்துக்கும் போதுமான விஷயம்! தெருவில் இருக்கிற பூட்டுக்கடைக்காரர் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மனுஷன் ஏன் பகலில் தூங்குகிறார்? எனக்குத் தெரியாதா? தம்பி வந்த அன்றைக்கே, அவனுக்கு முதுகுவலி, தரையில் படுக்கக் கூடாது என்று உள்ளறைக் கட்டிலை அவனுக்கு விட்டவர் இவர்தான். நான் கேட்கவில்லை, இவராகத்தான் சொன்னார். இப்போது ஹாலில், தெருக்கதவு ஓரம் பாயில் புரண்டுகொண்டே இருக்கிறார். ஒரு லாரி போனால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

இதைப்போய் கேலி பண்ணுவேனா? பண்ணினால் இவர் கூசிப்போவார். கூசினால் கோபம் வரும். கோபம் தம்பிமேல்தான் விழும். சொல்லாவிட்டாலும், கம்ப்யூட்டர் சரியாகாமல் தம்பி போகிறான். என்ன செய்வேன்? சொல்லித் தொலைக்கவும் முடியல, முழுங்கவும் முடியல.

மார்ச் 12, புதன்

தம்பியிடம் சொன்னேன், நான் தூங்கினதாக.

"டேய், ஒரு விஷயம். இவர் சாப்பிடப் போனப்ப நான்தான் அந்த நாற்காலியில உக்காந்திருந்தேன். கண்ணு அசந்துட்டேன். அப்பதான் நின்னுச்சு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீயா? நீ தூங்கினா தெருவே அமைதியா இருக்குமே, எனக்குத் தெரியாம போகுமா?"

"அடிச்சேன்னா! தூங்கினேன்னா தூங்கினேன்."

சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். "அப்ப யாரும் அதைத் தொடலையா? மவுஸ், கீபோர்டு எதுவும்?"

"தூங்கறவ எப்படிடா தொடுவா?"

எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டான். மெஷினுக்கு எழுத்தை அனுப்புவது கம்ப்யூட்டருக்கு ஒரு வேலையே இல்லையாம். தொடாமல் விட்டால் அது சும்மா இருப்பதாகத்தான் கணக்கு. "நான்தான் முட்டாள் அக்கா. அதுக்கு வேலை மேல வேலை கொடுத்துத்தான் சோதிச்சேன். சும்மா விட்டுப் பார்க்கவே இல்ல."

மார்ச் 13, வியாழன்

இன்று கடையில் நடந்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். "மவுஸை யாரும் தொடாதீங்க" என்று தம்பி உத்தரவு. ஒரு நீள வெட்டு வேலையைக் கொடுத்துவிட்டு மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டரையே பார்த்தபடி உட்கார்ந்தோம். எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. கை தானாக மவுஸ் பக்கம் போகிறது, தம்பி தட்டிவிடுகிறான். அவசரமாக நம்பர் பிளேட் கேட்டு வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். "இதுக்குத்தான்" என்று கம்ப்யூட்டரைக் காட்டினேன்.

நின்றது. தம்பி எகிறிக் குதித்தான். "நின்னுடுச்சு அக்கா! நின்னுடுச்சு!"

"இதுல என்னடா சந்தோஷம் உனக்கு?" என்றார் இவர்.

தம்பி மூச்சு வாங்கச் சொன்னான்: வேலை இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ப்ராசசர் என்கிற மூளை கரண்டை மிச்சம் பிடிக்க ஆழமாகத் தூங்கப் போகிறது, திரும்பி எழுந்துவர இதற்குத் தெரியவில்லை. லினக்ஸ் தொடங்குவதற்கு முன்னாலேயே வருகிற செட்டிங்கில் போய் அந்த ஆழத் தூக்கம் வேண்டாம் என்று மாற்றிவிட்டால் போதும். அவனிடம் இருந்தவரை ஒரு நிமிஷம் சும்மா விட்டிருக்கமாட்டான், அதனால்தான் நிற்கவில்லை.

"சும்மா இருக்கும்போது நிக்குதுன்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

"அக்கா நாற்காலியில தூங்கிட்டாளாம் மாமா."

இவர் என்னைப் பார்த்தார். நான் ஊசியைத் தேடினேன். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்னும் வரவில்லை. கெடுத்துட்டேனா?

மார்ச் 14, வெள்ளி

நேற்று கடை அடைக்கும் நேரத்துக்கு வந்தார். வந்து நேராகத் தம்பி முன்னால் நின்றார்.

"உங்க அக்கா தூங்கல. நான்தான் தூங்கினேன். தினமும்."

தம்பி என்னைப் பார்க்கிறான், இவரைப் பார்க்கிறான். "பரவாயில்ல மாமா" என்றான் கடைசியில்.

"என்ன பரவாயில்ல? முதல் நாளே சொல்லியிருந்தா நீ இவ்வளவு அலைஞ்சிருக்க வேணாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஏன் ஒண்ணும் சொல்லாம இருக்க? சொல்லேன் ஏதாவது."

எனக்குக் கேலியே வரவில்லை. முதல் தடவையாக.

மார்ச் 17, திங்கள்

செட்டிங் மாற்றியபிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை. பஸ் எழுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் காது மெஷினை விட்டு வரமாட்டேன் என்கிறது. தம்பி கிடங்குக்காரனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் போகிறேன் என்றுவிடுவானோ?

மார்ச் 22, சனி

கடைசி பஸ்ஸும் ஒட்டியாகிவிட்டது. இவரும் தம்பியும் எழுத்து நேராக இருக்கிறதா என்று தெருவிலேயே சண்டை. கேட்கக் காது குளிர்ந்தது.

ஏப்ரல் 2, புதன்

மத்தியானம் நான் முன்னால் துண்டு நோண்டிக்கொண்டிருந்தேன். தம்பி இவர் நாற்காலியில். புதிதாக ஒருவர் போர்டு கேட்டு வந்து, "முதலாளி இல்லையா?" என்றார். எனக்கு வாய் துறுதுறுத்தது. நான் திறப்பதற்குள், கடைக்குள் இப்போது புதிதாகப் போட்டிருக்கிற தடுப்புக்குப் பின்னால், இவர் மத்தியானத் தூக்கத்துக்குப் பாய் விரித்த பக்கமிருந்து இவரே குரல் கொடுத்தார்:

"தூங்கிக்கிட்டு இருக்கேங்க! மச்சான் இருக்கான் பாருங்க, இனிமே எல்லாம் அவன்கிட்ட கேளுங்க."