முப்பத்தைந்து கிராம்

புது டயரின் வாசனை உனக்குப் பிடிக்கும், எனக்குத் தலை வலிக்கும். இன்று காலை ஓசூரில் நாம் முன்பு போன டயர் கடையில் நான்கு புது டயர்களை என் முன்னால் அடுக்கிவிட்டு உட்காரச் சொன்னார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் தலை வலிக்கவில்லை, நீதான் வந்தாய். அன்று நீ ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்தபடி ஒரு டயரை உன் காலருகே உருட்டி வரச் சொன்னாய். அதன் மேல் முளைத்திருந்த ரப்பர் மயிரை இழுத்துப் பார்த்து, "இது எதுக்குண்ணா?" என்று கேட்டாய். கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை. இன்று நான் கேட்டேன், இன்றும் தெரியவில்லை.

ஒரே மோட்டார் கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்தோம். நான் ஸ்டோர்ஸில் ஸ்க்ரூவும் வாஷரும் எண்ணிக் கொடுப்பவள். நீ பாலன்சிங் பெஞ்சில் இருந்தாய். மோட்டாருக்குள் சுற்றும் ரோட்டரில் எந்தப் பக்கம் கனம் என்று கண்டுபிடித்து, அதற்கு எதிர்ப் பக்கம் துளி பசையை ஒட்டுவது உன் வேலை. அந்த வேலை உன் புத்தியிலும் ஒட்டிக்கொண்டது. கேன்டீன் இட்லிக்கு அடிப்பக்கம் மட்டும் ஏன் ஈரம், கம்பெனி பஸ்ஸின் ஒரு வைப்பர் மட்டும் ஏன் அழுகிறது என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். "உனக்குச் சம்பளம் வேலைக்கா, கேள்விக்கா?" என்று உன்னைக் கிண்டல் செய்யாத ஆளே நம் ஷிப்டில் இல்லை.

உன் முதுகு வலி வெறும் வலி இல்லை, எலும்பில் பரவிய நோய் என்று தெரிந்த பிறகு வாரம் ஒரு நாள் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. உன் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ரயிலில் ஏறி இறங்க உன்னால் முடியாது. வாடகைக் காரில், தெரியாத டிரைவர் முன்னால் முனகுவதற்குக் கூச்சப்பட்டாய். மிச்சம் இருந்தது என் பழைய கார்தான். நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றவள் நான், லாரி ஹாரன் அடித்தாலே கை வியர்க்கும். ஆனால் நான் ஓட்டாவிட்டால் உனக்கு மருத்துவம் இல்லை. அது நம் இருவருக்கும் தெரியும், பேசிக்கொண்டதில்லை.

முதல் நாளே அத்திப்பள்ளி தாண்டியதும் வண்டி நடுங்க ஆரம்பித்தது. நீ கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, "உன் கையில ஆடுதா, என் இடுப்புல ஆடுதா?" என்றாய். எனக்குப் புரியவில்லை. "ஸ்டீரிங் ஆடுனா முன் சக்கரம், சீட்டு ஆடுனா பின் சக்கரம். சொல்லுடி." இரண்டும் ஆடியது. வேகம் எழுபதில் ஆடவில்லை, எண்பதில் ஆடியது, தொண்ணூற்றைந்தில் நின்றுவிட்டது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டே அதை நினைத்து உனக்கு ஒரு சந்தோஷம். ஊஞ்சலைச் சரியான நேரத்துக்குத் தள்ளினால்தான் உயரப் போகும், முன்னே பின்னே தள்ளினால் போகாது, அதே கதைதான் இது என்று சொன்னாய். திரும்பி வரும்போது இரண்டு கையாலும் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தாய். வீட்டு வாசலில் இறங்கி, "இப்பிடியே ஆடிட்டுப் போறதுன்னா என்னால ஆவாதுடி. விட்டுடலாம்" என்றாய்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாளே டயர் கடைக்குப் போகலாம் என்றேன், நானும் வருவேன் என்று அடம்பிடித்தாய். "சார் வரலயாங்க?" என்றுதான் கடைக்காரர் ஆரம்பித்தார். அகலமான டயர் போட்டால் வண்டி பார்க்கக் கெத்தாக இருக்கும் என்றார். நீ காரின் கதவைத் திறக்கச் சொல்லி, உள்பக்கம் ஒட்டியிருந்த தாளில் சைஸைப் படித்தாய். "கெத்து வேணாங்கண்ணா. இதே சைஸ்ல, சத்தம் வராம மெத்துனு ஓடறதா குடுங்க." டயரின் பக்கத்தில் இருந்த நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம் என்று அவர் காட்டியபோது, "எண்ணெய் பாக்கெட்டு மாதிரி இதுக்கும் தேதி இருக்கா" என்று அசந்துபோனாய். பிறகு டயரில் ஒரு மஞ்சள் புள்ளியைக் கண்டுபிடித்தாய். அதற்கு விளக்கம் கேட்டு, அவர் சொல்லத் திணறி, இருவரும் தெலுங்குக்கு மாறிவிட்டீர்கள். எனக்குத் தெலுங்கு அரைகுறை. டயரில் கனம் குறைந்த இடம் அது, காற்றடிக்கும் வால்வுக்கு நேராக அதை வைத்துப் பூட்ட வேண்டும் என்ற அளவுக்குப் புரிந்தது.

பாலன்சிங் மிஷினில் சக்கரம் சுற்றியபோது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. திருவிழாவில் ராட்டினம் பார்க்கிற குழந்தை தோற்றது. எத்தனை கிராம், எந்த இடம் என்று மிஷினே எண்ணில் காட்டியது. கடைக்காரர் சாம்பல் நிறத்தில் பட்டை பட்டையாக இருந்த சின்ன எடைக் கட்டிகளைப் பிய்த்து ரிம்மின் உள்பக்கம் ஒட்டினார். மறுபடி சுற்றினால் பூஜ்ஜியம். "நானும் இதத்தான்டி பெஞ்சுல செய்யறேன்" என்று பெருமையாகச் சொன்னாய். நான் அப்போது பில் போடுகிற இடத்தில் நின்றிருந்தேன். உன் முகம்தான் தெரிந்தது, ஒட்டியதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அது பின்னால் முக்கியமாகிவிட்டது.

அடுத்த வாரம் எண்பதில் போனோம். ஸ்டீரிங் பூப்போல இருந்தது. "இடுப்புல ஆடுதா?" என்று நான் கேட்டேன். திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாய். பல நாட்களாகத் தூங்காதவள் நீ. ஆஸ்பத்திரி வாசலில் எழுப்ப மனம் வராமல் கால் மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. நம் ஊர்ப்பக்கம் ஆயுத பூஜை என்றால் தெரியாதா, மிஷினுக்கு மிஷின் சந்தனம், ஷெட்டுக்கு ஷெட் பூசணிக்காய். உன்னைச் சுமக்கிற வண்டிக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று காலையிலிருந்து கழுவினேன். ரிம்மின் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுத் தேய்த்தபோது சாம்பல் நிறத்தில் ஏதோ பட்டை பட்டையாக ஒட்டியிருந்தது. கடைக்காரர்கள் பிய்க்காமல் விட்ட ஸ்டிக்கர், சோம்பேறிகள் என்று திட்டிக்கொண்டே பழைய கத்தியால் நான்கு சக்கரத்திலும் சுரண்டி எடுத்தேன். சந்தனம், குங்குமம், மாலை, நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். அவ்வளவு பக்தியோடு ஒரு வண்டியை யாரும் கெடுத்திருக்க மாட்டார்கள்.

அந்த வாரம் நீ பட்ட பாட்டை இப்போதும் எழுத முடியவில்லை. ஐம்பதைத் தாண்ட முடியாமல் ஓரமாக ஊர்ந்தோம், பின்னால் லாரிகள் அலறின. "போதும்டி, அடுத்த வாரம் நான் வரல" என்று அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அன்றுதான். திரும்பும் வழியில் நேராக டயர் கடைக்கு ஓட்டிப்போய், "என்ன டயர் குடுத்தீங்க? நோயாளிய ஏமாத்தறீங்களா?" என்று கத்தினேன்.

கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றினார். ரிம்மின் உள்ளே பசைத் தடம் மட்டும் வரிசையாக இருந்தது. ஸ்டிக்கர் என்று நான் சுரண்டிய அதே இடம். ஒரு முன் சக்கரத்திலேயே முப்பத்தைந்து கிராம் குறைகிறது என்று மிஷின் காட்டியது. நீ காருக்குள் சாய்ந்தபடியே அவரிடம் தெலுங்கில் வேகமாக ஏதோ சொன்னாய். அவர் என்னிடம் வந்து, "எங்க தப்புதாங்க்கா. சரியா ஒட்டல போல, கழண்டு விழுந்துடுச்சு" என்றார். நான் உண்மையைச் சொல்லவில்லை. போனால் போகிறது என்கிற மாதிரி தலையை வேறு ஆட்டினேன்.

அடுத்த வாரம் நீ வந்தாய். அதற்கடுத்த வாரமும் வந்தாய். அத்தனை பயணத்திலும் அது எப்படி விழுந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், "இந்த வண்டிய இனிமே கழுவாதடி. தூசியோட இருந்தாத்தான் லட்சணமா இருக்கு" என்றாய். நான் சிரித்தேன். தை பிறக்கும்வரை போனோம். பிறகு ஆஸ்பத்திரியிலேயே இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வண்டியை எவ்வளவு அலுங்காமல் ஓட்டினாலும் போய்ச் சேர்ந்த இடத்தில் கொடுக்க மருந்து இல்லை. மாசியில் நீ போய்விட்டாய். சொல்லாத அந்த உண்மை என்னிடமே நின்றுவிட்டது.

இன்று கடைக்காரர் வருஷக்கணக்கில் ஓடித் தேய்ந்த அந்தப் பழைய டயர்களைக் கழற்றிப் போட்டபோது எனக்குத் தாங்கவில்லை. "அண்ணா, அன்னிக்கு அது கழண்டு விழலீங்க. நாந்தான் பூஜைக்குக் கழுவறப்ப சுரண்டினேன். உங்களப் போயி திட்டிட்டேன்" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "தெரியுங்க்கா. ரிம்முல கத்திக் கீறல் இருந்துச்சே."

"அப்புறம் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"அந்தக்காதான் தெலுங்குல சொன்னாங்க. 'பாசத்துல செஞ்சிருக்கா. தப்பு உங்களுதுன்னு சொல்லிடுங்கண்ணா. தன்னாலதான் எனக்கு வலின்னு தெரிஞ்சா அவ ஸ்டீரிங்கயே தொட மாட்டா. அப்புறம் எனக்கு வேற ஆளில்ல' அப்பிடின்னாங்க."

இட்லியின் ஈரத்தைக்கூட விடாமல் கேட்டவள் நீ. என்னிடம் கேட்க வேண்டிய அந்த ஒன்றை மட்டும் கேட்காமல், அத்தனை வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாய். உன் மேல் கோபம் வந்தது. கடை என்றும் பார்க்காமல் அழுதேன். அந்த மனிதர் பாவம், டீ வாங்கிவரச் சொன்னார்.

புது டயரில் மஞ்சள் புள்ளி வால்வுக்கு நேராக இருக்கிறதா என்று நானே குனிந்து பார்த்தேன். பூஜ்ஜியம் வரும்வரை மிஷின் பக்கத்திலேயே நின்றேன். பிறகு கிருஷ்ணகிரி ரோட்டில் வண்டியை எடுத்தேன். சூளகிரி தாண்டி ரோடு காலியாக இருந்தது. எண்பது தொட்டதும், "கையிலயா, இடுப்புலயா?" என்று நானே வாய்விட்டுக் கேட்டுக்கொண்டேன். கையில் ஒன்றும் இல்லை. உன் சீட்டைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை. இடது கையை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தேன். ஆடவில்லையடி.