யொஷெபா மகனுக்கு ராமாயி மகன் எழுதுவது

என் அன்புக் கோல்டோ அண்ணே,

இந்தக் கடிதத்தை நீங்கள் வாசிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்திருந்தாலும் வாசித்திருக்க மாட்டீர்கள். தமிழில் உங்களுக்குத் தெரிந்தது "சாப்பிட்டாச்சா"வும் இரண்டு கெட்ட வார்த்தையும்தான். அதிலும் கெட்ட வார்த்தைகளின் உச்சரிப்பு மட்டும்தான் சுத்தமாக இருந்தது.

ஆனாலும் உங்களுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. ஒருநாள் தேநீர் நேரத்தில் கேட்டீர்களே, நினைவிருக்கிறதா? "செல்வா, ஒரு தேர்தல்ல ஒங்க அம்மா பேரைக் கூப்பிட்டா, அவங்க என்னா சொல்லுவாங்க?" என்று. அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும். நேற்றுதான் லீவு முடிந்து இந்தப் புஜைராத் துறைமுகத்துக்குத் திரும்பி வந்தேன். உடுப்புப் பெட்டியைக்கூட இன்னும் திறக்கவில்லை, முதல் வேலையாக உங்களுக்குத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் ஓட்டை ஆங்கிலத்தையும் அதைவிட ஓட்டையான ஹிந்தியையும் நான் எங்கள் தோட்டத்துப் பேச்சில்தான் நினைவு வைத்திருக்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தில் நீங்கள் எங்கள் ஊர் பொகவந்தலாவையில் பிறந்தவர் மாதிரிப் பேசுவீர்கள். கோபிக்கக் கூடாது.

வொர்க்‌ஷாப் அப்படியேதான் இருக்கிறது. கப்பல்கள் வருகின்றன, பம்புகள் கழன்று வருகின்றன, உப்பும் துருவும் கொட்டிக் கிடக்கிறது. உங்கள் இடத்துக்கு வந்தவர் நல்ல மனிதர். பம்பைத் திறக்கும்போது அதைத் திட்டுவதே இல்லை. திட்டாமல் ஒரு பம்ப் எப்படி ஓடும் என்று எங்களுக்கெல்லாம் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் வந்த முதல் நாள் நான் பழக்கதோஷத்தில் உங்களைத் "தொரை" என்று கூப்பிட்டுவிட்டேன். வெள்ளைத் தோலைக் கண்டால் எங்கள் மலைநாட்டு வாயில் தானாக வருகிற சொல் அது. அப்படியென்றால் என்ன என்று கேட்டீர்கள். தேயிலைத் தோட்டத்தை ஆள்கிறவன் என்று சொன்னேன். "எங்க அப்பன் இரும்பு உருக்குனவன், நான் பம்பு கழட்டுறவன். இனிமே அப்படிக் கூப்பிட்டே, ஸ்பேனரால அடிப்பேன்" என்றீர்கள். அன்றிலிருந்து அண்ணன் ஆனீர்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். எனக்கு அடிக்குப் பயந்து ஒரு அண்ணன் கிடைத்தார்.

அந்தத் தேர்தல் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! சொல்ல ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும். ஸ்பெயின் தேசத்துக்குள்ளே உங்கள் பாஸ்க் சனத்துக்கென்று ஒரு தனி மொழி. சர்வாதிகாரி ஆண்ட காலத்தில் அதைப் பள்ளிக்கூடத்தில் பேசினால் பிரம்படி. பிள்ளைக்கு அந்த மொழியில் பேர் பதியக்கூட முடியாது. வீட்டில் கோல்டோ, பதிவில் லூயிஸ். அந்த ஆள் செத்த பிறகு, எண்பதாம் வருஷம், உங்கள் நாட்டுக்கென்று ஒரு பார்லிமென்ட், அதற்கு முதல் தேர்தல். உங்கள் ஊரில் வாக்குச்சாவடி மேசையில் உட்காருகிறவர்களைக் குலுக்கல் போட்டுச் சாதாரண சனத்திலிருந்தே எடுப்பார்களாம். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த உங்களுக்குக் குலுக்கல் விழுந்தது, அதுவும் தலைவர் நாற்காலிக்கு. "அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கோழிகூட லாட்டரியில விழுந்ததில்ல" என்பீர்கள்.

ஒவ்வொருவர் ஓட்டுப் போடும்போதும் அவர் பேரைத் தலைவர் உரக்கச் சொல்லி, "ஓட்டுப் போடுகிறார்" என்று அறிவிக்க வேண்டும். உங்கள் அம்மா வந்தார். கோயிலுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பட்டியலில் இருந்தது ஸ்பானியப் பேர், ஹொசெஃபா. நீங்கள் எழுந்து நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, வீட்டுப் பேரைக் கூப்பிட்டீர்கள். "யொஷெபா!" சுற்றி எல்லாக் கட்சி ஏஜெண்டும் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் தடுக்கவில்லை.

"அம்மா என்னா சொன்னாங்க?" என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன், பதில் தெரிந்திருந்தும்.

"'ஏன்டா இப்படிக் கத்துறே, நான் ஒன் மூஞ்சிக்கு முன்னாடிதானே நிக்கிறேன்'னாங்க." சொல்லிவிட்டுச் சிரிப்பீர்கள். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைப்பீர்கள். பிறகு பம்பைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.

அந்தக் கதை முடிந்த ஒருநாள்தான் நான் எங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரிலும் தினம் பேர் கூப்பிடுவார்கள், அண்ணே. விடிகிற நேரத்தில் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார். கூப்பிட்டதும் "இருக்கேங்கய்யா" என்று குரல் கொடுக்க வேண்டும். அடுத்து "எந்த மலைங்கய்யா?" என்று கேட்க வேண்டும். இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து பறிக்க வேண்டும் என்பதை அவர் சொல்லுவார். அம்மா சிறுபிள்ளையாகக் கூடை மாட்டியதிலிருந்து பென்ஷன் வரைக்கும் இந்த இரண்டு வார்த்தைதான். அவருக்கு ஓட்டு இல்லை. இலங்கை சுதந்திரம் வாங்கின கையோடு எங்கள் சனத்தின் குடியுரிமையைப் பறித்துவிட்டது. பிறகு வந்த ஒரு சட்டத்தில் எனக்குக் குடியுரிமைக் கடுதாசி கிடைத்தது, பாஸ்போர்ட் எடுத்தேன், இங்கே வந்துவிட்டேன். அம்மாவின் மனு எந்த அலுவலகத்தில் எந்த அலமாரியில் கிடந்ததோ தெரியாது. ஓட்டு உள்ள நானும் ஒவ்வொரு தேர்தலுக்கும் புஜைராவில் வால்வு கழுவிக்கொண்டிருந்தேன்.

கையிலிருந்த பம்பைக் கீழே வைத்தீர்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்.

கேட்டதோடு விட்டீர்களா? நாங்கள் தங்கியிருந்த கேம்ப் மெஸ்ஸில் அந்த வாரம் பெரிய தகராறு. மலையாளிகளுக்குப் புழுங்கலரிசி, பட்டான்களுக்கு ரொட்டி, எங்களுக்குக் காரம். மெஸ் செக்ரட்டரியை கேம்ப் பாஸே வைப்பார், எல்லோரும் திட்டுவோம். "எலெக்‌ஷன் வையுங்க" என்று நீங்கள் ஆரம்பித்தீர்கள். கேம்ப் பாஸுக்கு வேர்த்துவிட்டது. "இங்க எலெக்‌ஷன் மாஃபி, கெடையாது! கலாஸ்! கஃபீல் மொதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும்" என்றார். "பாய், இது அரசாங்கத்துக்கு இல்ல, பருப்புக்கு" என்றீர்கள். எப்படியோ மனிதரைச் சம்மதிக்க வைத்தீர்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மெஸ் ஹாலில், பிரியாணி அண்டாதான் வாக்குப்பெட்டி. குலுக்கல் போட்டு மூன்று பேரை மேசையில் உட்கார வைத்தீர்கள், எனக்கு விழவில்லை. ஆனால் பேர் கூப்பிடுகிற வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை நீங்கள். கேம்பில் எங்களுக்கு ஏது பேர்? லேபர் கார்டு நம்பர், ரூம் நம்பர், "ஏய் ஹெல்ப்பர்". நீங்கள் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டீர்கள். எல்லாப் பேரையும் கொலை செய்தீர்கள், ஒன்றையும் விடவில்லை. "சின்னையா செல்வராஜ்! ஓட்டுப் போடுகிறார்!" என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் ஓட்டு பிரியாணி அண்டாவுக்குள்தான், அண்ணே. சிரிக்காதீர்கள்.

நமக்குப் பிடிக்காத ஆள்தான் ஜெயித்தார். பருப்பு அதே தண்ணிப் பருப்புதான். உங்களிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டேன். "நான் ஓட்டுப் போட்ட கட்சி மட்டும் ஜெயிச்சுச்சுன்னா நெனைக்கிறே? அது வேற, இது வேற. இனிமே இந்தப் பருப்பைத் திட்ட ஒனக்கு உரிமை இருக்கு" என்றீர்கள்.

அப்புறம் நீங்கள் லீவுக்குப் போனீர்கள். திரும்ப வரவில்லை. ஆபீசுக்கு உங்கள் மகள் அனுப்பிய செய்தியை மேனேஜர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நெஞ்சுவலி, வீட்டிலேயே, காலையில். உங்கள் ஊர் பில்பாவோ எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் நாங்கள் கடலைப் பார்த்து நின்றோம். என் அப்பா செத்தபோது நான் போகவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை. உங்களுக்கும் போகவில்லை. அழுதது மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதேன்.

இனி நல்ல செய்திக்கு வருகிறேன்.

எங்கள் சனத்துக்குக் குடியுரிமை கொடுக்கிற சட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் இனிப்பு வாங்கிக் கொடுத்தீர்கள். ஆனால் சட்டம் வந்தால் போதுமா? அம்மாவுக்குக் குடியுரிமைப் பத்திரம் வந்தது, அடையாள அட்டை வரவில்லை. அட்டை வந்தது, வாக்காளர் பட்டியலில் பேர் வரவில்லை. தங்கச்சி கிராம சேவகர் வீட்டுக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் போனில் கத்தினாள், "அண்ணே, அம்மா பேரும் வந்திருச்சு, ஒன் பேரும் இருக்கு! மாகாண சபைத் தேர்தல் வருது!" உங்கள் ஊர் பார்லிமென்ட் மாதிரி எங்கள் மாகாண சபைக்குப் பெரிய அதிகாரமெல்லாம் கிடையாது, அண்ணே. ஆனால் ஓட்டு ஓட்டுதானே?

லீவு கேட்டேன். துபாய்ப் பக்கம் வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்த நேரம், இங்கேயும் ஆள் குறைக்கப் போவதாகப் பேச்சு. மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பப் போனா திரும்பி வரும்போது வேலை இருக்கும்னு நான் சொல்ல முடியாது. யாருக்கு என்ன ஆச்சு? கல்யாணமா, சாவா?" என்றார்.

"எங்க அம்மா ஓட்டுப் போடப் போறாங்க சார்" என்றேன்.

அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நீங்கள் இருந்திருந்தால் அந்த அறையில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே டிக்கெட் போட்டேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த மாதம் வடக்கே சண்டை. கொழும்பிலிருந்து மலையேறும் வரை பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சோதனை. தமிழன் ஓட்டுப் போட வந்தேன் என்று சொன்னால் சிரிக்கிறார்களா முறைக்கிறார்களா என்று தெரியாத நாள்கள். சந்தோஷத்தை அடக்கி வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. நல்ல பனி. நான் வாங்கிப்போன சேலையை அம்மா உடுத்திக்கொண்டார், அதன்மேல் பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டார். சேலை ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. "குளிருதுடா, ஓட்டுக்கு சேலையா முக்கியம்?" என்றார். வரிசையில் எனக்கு முன்னால் அம்மா. முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூடைக் கயிறு இழுத்து இழுத்து உச்சந்தலையில் பள்ளம் விழுந்த தலை அது, அண்ணே.

உள்ளே போனோம். மேசையில் ஓர் இளம் அதிகாரி, தமிழ்ப் பையன். நம்பரைப் பார்த்தான். பேரை உரக்க வாசித்தான்.

"சின்னையா ராமாயி!"

அம்மா சட்டென்று நிமிர்ந்தார். கைகளைப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார்.

"இருக்கேங்கய்யா! எந்த மலைங்கய்யா?"

ஏஜெண்டுகள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு கம்பளியால் வாயைப் பொத்தினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அந்தப் பையன் சிரிக்கவில்லை. அவனும் எங்கேயோ ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். வாக்குச் சீட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினான்.

"இன்னைக்கு மலைய நீங்கதாம்மா சொல்லணும்" என்றான்.

அம்மா அவனையே பார்த்தார். பிறகு சீட்டை வாங்கிக்கொண்டு, யாரையும் கேட்காமல், அந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

இதுதான் பதில், அண்ணே. உங்கள் அம்மா பிள்ளையைத் திட்டினார். என் அம்மா வேலைக்கு நின்றார். உங்கள் அம்மாவுக்கு முன்னால் நீங்கள் நின்றீர்கள், என் அம்மாவுக்குப் பின்னால் நான் நின்றேன். என் வாழ்நாளில் இதைவிடப் பெருமையாக நான் எங்கேயும் நின்றதில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன், "யாருக்கும்மா புள்ளடி போட்டீங்க?"

"அத ஒனக்கு எதுக்குச் சொல்லணும்? அது ரகசியமாம்ல" என்றார். வீடு வரும்வரை இடது கைச் சுண்டுவிரலை மடக்கவே இல்லை, மை அழிந்துவிடுமாம். உங்கள் ஊரில் மை வைப்பதில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். அதில் மட்டும் நீங்கள் கொடுத்து வைக்காதவர்.

வேலை இப்போதைக்கு இருக்கிறது. அடுத்த மாதம் இருக்குமா, தெரியவில்லை. அது போனால் போகட்டும். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் ராமாயி என்று எந்தத் தேர்தலில் யார் கூப்பிட்டாலும், லீவு தந்தாலும் தராவிட்டாலும், அவர் முதுகுக்குப் பின்னால் நான் நிற்பேன். அவருக்குப் பிறகு என் மகள் நிற்பாள். அவள் பேரைக் கூப்பிடும்போது அவள் எந்த மலை என்று யாரையும் கேட்கமாட்டாள்.

யொஷெபாவின் மகனுக்கு,
ராமாயியின் மகன்,
ஸ்பேனர் அடிக்குப் பயந்து உங்களுக்குத் தம்பியான
செல்வராஜ்
புஜைரா