வியாழக்கிழமை மாத்திரை

தூத்துக்குடி
10.7.2025, இரவு

அன்புள்ள சரண்யாதேவி டாக்டருக்கு,

தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள், அம்மாவிடம்கூட. போனில் அனுப்பினால் அம்மா பார்த்துவிடுவாள் என்றுதான் போர்வைக்குள் எழுதுகிறேன்.

நீங்கள் வியாழன்தோறும் வீட்டுக்கு வந்து பார்க்கும் மரியான் தாத்தாவின் பேத்தி நான். நீங்கள் வருகிற அன்று மட்டும் தாத்தா பிரஷர் மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போடுகிறார். "வீடு தேடி வாராவ. நல்ல நம்பரக் காட்டாம எப்படி அனுப்புறது?" என்கிறார். பிறகு கடற்கரையில் இன்பமணி தாத்தாவிடம் அந்த நம்பரைச் சொல்லிப் பெருமையடிக்கிறார். அவர் வீட்டுக்கும் நீங்கள்தானே போகிறீர்கள்?

இன்று நீங்கள் போனபின் குளியலறையில் தலைசுற்றிச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். "நீ சொன்னா என்னைய ஆஸ்பத்திரியில போட்டுருவாவ" என்று மாதா மேல் சத்தியம் வாங்கினார். சத்தியத்தை மீறிவிட்டேன். பயமாக இருக்கிறது. அடுத்த வியாழன் விழுந்துவிட்டால்?

பதிலை உறையில் போட்டு ஒட்டி, கிளினிக்கில் ஆக்னஸ் சிஸ்டரிடம் கொடுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

ஜெர்லின்,
பத்தாம் வகுப்பு

11.7.2025

அன்பு ஜெர்லினுக்கு,

யாரிடமும் காட்டவில்லை. நீ செய்தது சரி. வாராவாரம் நம்பரைப் பார்த்து "சபாஷ் தாத்தா" என்று சொன்னவள் நான்தான். அந்தச் சபாஷுக்காகத்தான் போட்டிருக்கிறார். இனி நாள் சொல்லாமல் வருவேன். உன் பெயர் வராது. அதற்குள் தலைசுற்றினால் படுக்க வைத்துவிட்டு உடனே எனக்குப் போன் செய். அப்போது ரகசியம் பார்க்காதே.

சரண்யாதேவி

17.7.2025, இரவு

அன்புள்ள டாக்டருக்கு,

சனிக்கிழமை நீங்கள் வந்தபோது தாத்தா கருவாட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். "ஏளா, சட்டைய எடு" என்று அவர் பதற, "சட்டை எதுக்கு தாத்தா, கை போதும்" என்றீர்களே, அம்மா இன்னும் சிரிக்கிறாள். நம்பர் ஏறியிருந்தது. விருந்தாளிக்குச் சர்க்கரை போடாத காபி கொடுத்துவிட்டவர்போல முகத்தைத் தொங்கப்போட்டார். "இதப் பாக்கத்தானே நான் வீட்டுக்கு வர்றேன்" என்றீர்கள். அப்புறம்தான் அந்த இரண்டு மாத்திரை விஷயத்தை அவரே சொன்னார்.

இன்று வியாழன். பழக்கத்தில் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்திருந்தார். இன்பமணி தாத்தா, "ஏலே மரியான், டாக்டரம்மா ஒன்னக் கைவிட்டுட்டாவளா?" என்று கிண்டல் செய்தார்.

"சொல்லிட்டு வாரது விருந்தாளிலே. அவிய நம்ம வீட்டாளு" என்றார் தாத்தா.

நான் சொன்னது அவருக்குத் தெரியுமோ என்னவோ. அவரும் கேட்கவில்லை. நீங்கள் இரவுக்கு மாற்றிய மாத்திரையை...

கதவைத் தட்டுகிறார். தாத்தாதான்.

"ஏளா, உறங்கிட்டியா? மாத்திரை போட்டேனா இல்லையான்னு சந்தேகமா இருக்கு. ஒங்கிட்ட கேட்டுட்டுப் போடலாம்னு..."