ஏழாவது தேங்காய்

18-6-25, புதன்
மாடியில் குடியிருக்கும் சத்யப்ரியா பதினொன்றாவது ஒலிப்பதிவைக் கொடுத்தாள். கல்லூரியில் வேலை, அதோடு ஆராய்ச்சி. பிழைக்கப் போய் அந்தமான் தீவுகளில் தங்கிவிட்ட நம்மாட்கள் எப்படி மாறிப்போனார்கள் என்று. அவர்கள் பேசியதைக் கேட்டு நோட்டில் எழுதித் தருவது நான். பேசியவர்களுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். ஐந்தாவதோடு நின்றவள், தேவாரம் பார்த்து எழுதிப் பழகியது உதவுகிறது. இன்று பிழை நான்கு, திருத்தியாச்சு. “பசுமலைக்குப் புது டைப்பிஸ்ட்டு வந்தாச்சு, எனக்குச் சோறு உண்டா?” என்கிறார் இவர்.

21-6, சனி
அந்தமான் என்றாலே கூடப்பிறந்த அண்ணன் ஞாபகம்தான். கருத்தக்கண்ணன் அண்ணன் 99-ல் ரோடு போடும் வேலைக்கு அங்கே போனவர். சுனாமிக்குப் பிறகு தகவலே இல்லை. பன்னிரண்டு வருசம் பார்த்துவிட்டுக் காரியம் செய்தோம். ஆடி அமாவாசைக்கெல்லாம் தம்பி சிவக்குமார்தான் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறான். இதைச் சத்யாவிடம் நான் ஏன் சொல்லவில்லை?

24-6, செவ்வாய்
நம்பர் 14. கடைக்காரர். பேச்சுக்கு நடுவே யாருக்கோ தேங்காய் எண்ணிப் போடுகிறார். “லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, மாயா, எட்டு...”
நிறுத்திவிட்டேன்.

25-6
அய்யா நெல் அளக்கும்போது ஏழு என்று சொல்லமாட்டார், ஏழரை பிடிக்குமென்று பயம். ஏழாந்தேதி பிறந்த என் பேரைச் சொல்வார். மாயக்காள் — மாயா. ஊரில் வேறு ஒருத்தரும் அப்படி எண்ணியதில்லை.
குரல் தடித்திருக்கிறது. அண்ணனா? அண்ணனோடு வேலை பார்த்த வேறு யாராவதா? விளக்கேற்றப் போனால் அவர் படத்து மாலையைப் பார்க்கக் கூசுகிறது. சாமி, உயிரோட இருக்கிற மனுசனுக்கா பிண்டம் வச்சோம்?

28-6, சனி
மீதியையும் கேட்டேன். பதினேழாவது நிமிடம்: “எங்கப்பா காலத்துலயே இங்க வந்துட்டோம்னுதான் எம்பிள்ளைகளுக்குத் தெரியும். அப்படியே இருந்துட்டுப் போகட்டும்மா.”

2-7, புதன்
சத்யா தன் கட்டுரையை வாசித்துக் காட்டினாள். ஏழுக்கு மாயா என்பது தீவுக்குப் போனபிறகு தமிழர் உண்டாக்கிக்கொண்ட வழக்கமாம், வாழ்க்கை நிலையில்லை என்று அர்த்தமாம். ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள்.
“அது வழக்கமில்லம்மா. எம்பேரு.”
எல்லாம் சொன்னேன். கட்டுரையை மூடி வைத்தாள். ஊர் பேர் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்துத்தான் பேச வைத்தாளாம். அவரிடமே கேட்கிறேன் என்றாள்.

11-7, வெள்ளி
சத்யா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
“அக்கா, அவர் சொன்னதை அப்படியே சொல்றேன். ‘மதுரைல எனக்கு யாருமில்லம்மா, நான் பேசுனதை எடுத்துருங்க’ன்னு போனை வச்சுட்டாரு. கொஞ்ச நேரங்கழிச்சு அவரே கூப்பிட்டாரு. ‘அதுக்கு எத்தனை பிள்ளைக’ன்னு மட்டும் கேட்டாரு.”
“நீ என்ன சொன்ன?”
“ரெண்டுன்னேன்.”
“அதுக்குன்னா சொன்னாரு? அந்தம்மாவுக்குன்னு இல்லையா?”
“அதுக்குன்னுதான்க்கா.”

13-7, ஞாயிறு
பதிவை அழித்தாயிற்று. என் போனிலும். நோட்டில் ஆறு பக்கம் கிழித்துக் கொடுத்தேன். அடுப்படியில் குக்கர் சத்தத்துக்குள்ளேயும் அண்ணன் என் காதில் எண்ணுகிறார். எட்டோடு நின்றுவிடுகிறார். முதல் நாள் நான் அங்கேதானே நிறுத்தினேன்.

19-7
சிவக்குமார் போன். “அக்கா, எள்ளு வாங்கிட்டியா?” சரி சரி என்றேன். இவனிடம் சொன்னால் அடுத்த கப்பலில் நிற்பான். அங்கே அந்தப் பிள்ளைகள்...
சொல்லாமல் இருந்தால் மறுபடியும் இறைப்பான்.

24-7, வியாழன், ஆடி அமாவாசை
சிம்மக்கல் படித்துறையில் நல்ல கூட்டம். தம்பி ஈர வேட்டியோடு உட்கார்ந்துவிட்டான். குனிந்து சொன்னேன், அண்ணன் கனவில் வந்தார், எனக்கு இனிமே இறைக்க வேண்டாம்னார் என்று.
பொய். வாயிலிருந்து வந்ததே பொய்.
அவன் நிமிர்ந்து பார்த்தான். “உங்கிட்ட மட்டும் வாராரு. எங்கிட்ட ஒரு நா வரலையேக்கா.” அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.
அய்யா பேர், அம்மா பேர் மட்டும் சொல்லித் தண்ணீர் விட்டான்.
அந்த வாய்க்கு இன்று பச்சைத் தண்ணீர் கிடையாது. விரதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.