மடியில் கட்டிய உப்பு

சின்னீ,

காலையில் சட்டியில் உப்பு வறுத்தேன். படபடவென்று வெடித்து அந்தச் சூட்டு வாடை எழும்பியதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. உன் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு கிடக்கிறாள். பெரியவளாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. எனக்குத் தெரிந்த எழுத்து கொஞ்சம்தான். இருந்தாலும் உனக்கு எழுதவேண்டும் போல இருக்கிறது.

நம் ஊர் சேலம் ஜில்லாவோடு இருந்த காலம். நான் மூத்த மருமகள். நீ ஜவளகிரியிலிருந்து என் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தூரமானால் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குடிசையில் மூன்று நாள். யாரும் தொடக்கூடாது. எனக்கு இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலிக்கும். வாந்தி வரும். அதைவிட, தனியாகக் கிடப்பதுதான் பயம்.

"எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான். இவ மட்டும் என்னாத்துக்கு ஊரைக் கூட்டறா?" என்று அத்தை கேட்பார்கள். ஒரு நாள், "கேவுரு அறுப்புக்கு ஆவாதவள அவங்கம்மா ஊட்டுக்கே அனுப்பிடலாம்" என்றும் சொன்னார்கள். அன்றைக்குத்தான் நீ குடிசைக்குள் வந்து நின்றாய்.

"தொடாதடி, குளிக்கணும்."

"நானும் தூரந்தான் அக்கா."

"போன வாரந்தானடி தலைக்குக் குளிச்ச?"

"சும்னிரு அக்கா!" என்று உன் ஊர்க் கன்னடத்தில் அதட்டி வாயை மூடவைத்தாய். மடியை அவிழ்த்தாய். கல்லுப்பு. சமையல்கட்டில் அள்ளி முடிந்துகொண்டு, அப்புறம்தான் அத்தையிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறாய்.

வறுத்து, பழைய சேலைத்துணியில் கட்டி, உன் கையில் சூடு பார்த்து என் அடிவயிற்றில் வைத்தாய். "சாமி குத்தம்னு அழுவாத. ஓசூர் நர்சம்மா சொன்னாங்க. உள்ள இருக்கற பை, ரத்தத்த வெளிய தள்ளறதுக்கு இப்பிடி இறுகுதாம்." முஷ்டியை மூடிக் காட்டினாய். "சூடு பட்டா இளகும்." விரல்கள் மெல்ல விரிந்தன. அதைப் பார்த்தே பாதி வலி போனது.

பிறகு மாதாமாதம் வந்தாய். "ஒருத்திக்கு வந்தா இன்னொருத்திக்கும் ஒட்டிக்குது, நல்ல ஜோடி மாடுங்க!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் கேழ்வரகு அறுப்புக்கு எழுந்து வந்துவிட்டதால் அம்மா வீட்டுப் பேச்சு நின்றுபோனது.

நீ உண்டான பிறகும் வயிறு தெரியும்வரை வந்தாயே, அதில்தான் மாட்டிக்கொண்டோம். அத்தை கணக்குக்கு ஏழாம் மாதத்தில் பிள்ளை பிறந்தது, பூசணிக்காய் மாதிரி. பிள்ளையைப் பார்த்தார்கள். உன்னைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"கொறை மாசப் புள்ளைக்குத் தொடை மடிப்பப் பாரு! களவாணிங்களா."

அவ்வளவுதான். அடுத்த முறை நான் குடிசையில் தனியாகக் கிடந்தபோது வாசலில் ஒரு முடிச்சு வந்து விழுந்தது. தொட்டேன், சுட்டது. வெளியே அத்தை இருமிக்கொண்டு போனார்கள்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. குடிசையும் இல்லை. உன் மகள் நடுவீட்டில் படுத்திருக்கிறாள், நான் தொட்டுக்கொண்டே இருக்கிறேன். முஷ்டியை மூடி, விரித்துக் காட்டினேன். உன் கை மாதிரி வரவில்லை. வலி அடங்கியதும் கேட்டாள்: "பெரீம்மா, எங்கம்மாவுக்கும் இப்பிடி வலிச்சுதா?"

சில மாதம் உனக்கும் நிஜமாகவே வந்திருந்தது. அப்போதும் அந்த முடிச்சு என் வயிற்றில்தான் இருந்தது.

உனக்கு வலித்ததா, சின்னீ?