வடக்கே இருக்கும் குப்பம்

திருத்தணி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கௌதமன் பாவாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நைனாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. அத்தை முகூர்த்தப் புடவையைக் கொண்டுவந்து காட்டினார்கள். நல்ல அரக்கு நிறம். உங்கள் தேர்வாம். மலைமேல் ஆவணி முகூர்த்தத்துக்குச் சொல்லி வைத்தாயிற்று.

போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

துறைமுக அறிக்கையின் இறுதி வடிவம் போன வாரம் எனக்கு வந்தது. கடல் சூடேறச் சூடேற அந்தக் கரையில் அலைகள் எப்படி மாறும் என்று நாம் இருவரும் ஒரு வருடம் உட்கார்ந்து கணக்கிட்டோம். உயரம் அதிகம் மாறாது என்று வந்தது உண்மைதான். ஆனால் திசை மாறுகிறது. தென்மேற்குப் பருவத்து அலை இன்னும் தெற்கிலிருந்து சாய்ந்து வரும், மணலை வடக்கே இன்னும் வேகமாகத் தள்ளும். துறைமுகத்துக்குப் போடப்போகும் அலைத்தடுப்புச் சுவர் அந்த மணலை மறித்துக்கொள்ளும். சுவருக்கு வடக்கே இருக்கும் குப்பத்துக்கு மணல் வராது, கரை அரிக்கும். என் அத்தியாயம் முழுக்க இதுதான்.

அந்த அத்தியாயம் இப்போது இல்லை. அதன் இடத்தில் நீங்கள் வருடம் முழுவதற்கும் ஒரு சராசரி போட்டிருக்கிறீர்கள். வடகிழக்கு மழைக்காலத்து அலை எதிர்ப்பக்கம் சாய்வதால் இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுகட்டி, திசையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்று வந்துவிட்டது. படிக்கிற பிள்ளை செய்திருந்தால் பிழை என்று திருத்திக் கொடுத்திருப்பேன். நீங்கள் தெரிந்தே செய்தீர்கள். கீழே என் பெயரையும் போட்டிருக்கிறீர்கள்.

சனிக்கிழமை எல்லம்மாள் போன் செய்தார். குப்பத்தில் நமக்கு மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டவர். ரெண்டாம் தபா கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்களே, அவர்தான். “ஒண்ணும் ஆவாதுன்னு எழுதி இருக்கீங்களாமே, தொரமொகத்து ஆளு வந்து சொன்னான். அப்ப கடல் பக்கமாவே வூட்டக் கட்டிக்கவா கண்ணு?” என்று கேட்டார். அறிக்கையை முன்வைக்கும் வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடியட்டும், அதுவரை அஸ்திவாரம் தோண்ட வேண்டாம் என்றேன். ஆங், நீ சொன்னா சரி என்று வைத்துவிட்டார். அவர் நம்பியது என்னை. அச்சில் இருப்பது உங்கள் வரி.

ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் கேட்டபோது, ஐம்பது வருடம் கழித்து வரப்போவதற்கு இன்றைக்கே ஏன் வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்றீர்கள். கல்யாணம் ஆனால் நீ வேறு நான் வேறா என்றும் கேட்டீர்கள். அதைக் கேட்டபோதுதான் பயம் வந்தது. நம் வீட்டில் இனிமேல் எல்லாக் கணக்கும் இப்படித்தான் நடக்குமா?

அத்தையிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். “கடலே இல்லாத ஊர்ல குந்திகினு அலையப் பத்தி என்னாடி உனக்குக் கவல? என் புள்ள எழுதனா தப்பா இருக்குமா?” என்று சிரித்தார்கள். நைனா அறிக்கையின் முதல் பக்கத்தில் நம் இரண்டு பெயரையும் பார்த்துவிட்டு, கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்கு முன்பே சேர்த்துப் போட்டுவிட்டார்களே என்று தெருவெல்லாம் சொல்லி வருகிறார்.

கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஏதோ பிழை இருக்கிறது என்றேன். பாவம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகத் தேடுகிறார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நான் போகிறேன். அத்தியாயம் சேராமல் வந்தால் எழுந்து நின்று என் பெயரை எடுக்கச் சொல்வேன், திசையைப் பற்றி அங்கேயே படிப்பேன். உங்களை எதிரில் வைத்துக்கொண்டு அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அந்தப் பக்கங்களைத் திருப்பிச் சேர்த்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள் பாவா. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
சுஜாதா