நான் வெளி பெஞ்சில்தான் இருப்பேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசை மட்டும் கேட்காதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும், வயிற்றில் இருப்பதும் சேர்த்து, சுகமாக இருக்க வேண்டும். நான் போனை எடுப்பதில்லை என்று அப்பாவிடம் அழுதாயாம். கோபமெல்லாம் இல்லையடி. நீ சாட்சி சொல்லி முடிக்கிறவரை என்ன சொல்வது என்று உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று அரசாங்க வக்கீல் சொல்லிவிட்டார், உன் குரலைக் கேட்டால் என் வாய் நிற்காது என்று எனக்கே தெரியும். எழுதினால் அடித்துவிடலாம். கீழே நான் அடித்திருக்கிற இடங்களை விளக்குக்கு எதிரே பிடித்துப் படிக்கப் பார்க்காதே, நன்றாகத்தான் கிறுக்கியிருக்கிறேன். என் தம்பி மகன் அந்தப் பக்கம் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

எதிர்வீட்டுத் தையல்காரருக்கு இன்னும் வலது கையில் டம்ளர் நிற்பதில்லை. அவர் மனைவி தினமும் வந்து நம் வாசற்படியில் உட்கார்ந்து, தங்கச்சி வருமா பெரியம்மா, டிவியில வந்து பேசுனா ஜட்ஜ் நம்புவாங்களா என்று அதையே கேட்கிறாள். எட்டு மாத வயிற்றோடு விமானம் ஏற முடியாது, அதனால்தான் வீடியோவில் சொல்லக் கோர்ட்டே அனுமதி கொடுத்திருக்கிறது என்று நானும் அதையே சொல்கிறேன். அவள் பயத்தைக் குறை சொல்ல முடியாது. நம் தெருக் குடோன்காரர் மகன் கம்பியால் அவரை அடித்ததை, மூன்று வருஷத்துக்கு முன் லீவுக்கு வந்திருந்த நீ மாடியில் துணி உலர்த்தும்போது பார்த்தாய். தெருவில் பார்த்த மற்றவர்கள் எல்லாம் பார்க்கவில்லை என்கிறார்கள். அடித்தவனுடைய வக்கீல், அந்தக் கீச்சுக்குரல், தையல்காரர் படியில் உருண்டு விழுந்தார் என்கிறான். ஆகமொத்தம் எல்லாம் உன் வாயில் இருக்கிறது.

போன வாய்தாவுக்கு நான் போயிருந்தேன். கையைக் கட்டுப்போட்ட டாக்டர் இப்போது வேறு ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம், அவரும் வீடியோவில்தான் சாட்சி சொன்னார். ஜட்ஜ் அம்மா பக்கத்தில் பெரிய டிவி, அதில் டாக்டர் மார்புவரைக்கும் தெரிந்தார். அறையில் வேறு யாரும் இல்லை என்று கேமராவைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள், பீரோவுக்குப் பின்னாலும் காட்டினார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் கீச்சுக்குரல், படியில் விழுந்தாலும் இப்படி உடையுமா என்று கேட்டான். சத்தம் போய்ச் சேரவில்லையோ என்னவோ, டாக்டர் வாயைத் திறக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. விழுந்தா மூணு இடத்துல உடையுமா, நல்லாக் கேக்குறான் பாரு என்று முன் பெஞ்சிலிருந்து சொல்லிவிட்டேன். வக்கீல் சத்தத்தைக் கொண்டுபோகாத மைக் என் சத்தத்தை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. டிவியில் டாக்டர் திடுக்கிட்டு, யார் பேசுறது என்றார். கீச்சுக்குரல் குதித்தான் பார், சாட்சிக்கு இங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள், அந்தம்மாதான் அடுத்த சாட்சியின் தாயார் என்று. ஜட்ஜ் அம்மா என்னை எழுப்பி நிறுத்தி, இன்னொரு தடவை வாயைத் திறந்தால் வெளியே அனுப்புவேன் என்றார். டாக்டரை மறுபடி முதலிலிருந்து விசாரித்தார்கள். வெளியே வந்ததும் அரசாங்க வக்கீல் என்னிடம், உங்க பொண்ணு சாட்சி இப்படிக் கெட்டா கேஸ் அவ்வளவுதான்மா என்றார். அன்றிலிருந்து ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன், போட்டுத்தான் இருக்கிறது.

தையல்காரர் மனைவி, நீங்க முன்னாடி உக்காருங்க, தங்கச்சிக்குத் தைரியமா இருக்கும் என்கிறாள். அவளுக்கு உன்னைத் தெரியாது. எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால்கூட நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாய், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அப்படித்தான். நான் பேசாமல் இருந்தாலும் என் தலை சும்மா இருக்காது, ஆட்டிவிடும். அங்கிருந்து டிவியில் நீ என்னைப் பார்க்க, கீச்சுக்குரல் அதைப் பார்க்க, வேறு வினையே வேண்டாம். ஆகையால் நான் உள்ளே வரப்போவதில்லை. அத்தனை பெரிய டிவியில் உன் முகம் வரப்போகிறது, மூன்று வருஷமாக இந்த உள்ளங்கை அளவு போனில்தான் பார்க்கிறேன், இருந்தாலும் வரமாட்டேன். உள்ளே அப்பா இருப்பார். அவரால் ஆபத்தில்லை, உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். நீ என்ன உடுத்தியிருந்தாய் என்று நான் கேட்டால் துணி என்பார். அந்தக் கொடுமையையும் பொறுத்துக்கொள்கிறேன்.

குடோன்காரர் பெண்டாட்டி இப்போது வழியில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நீ கைக்குழந்தையாக இருந்தபோது, பல் முளைக்கிற சமயம், ராப்பகலாக அழுதாய். அப்போது இவள் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, ஈரத் தலையோடு படியில் நின்று, இது ஊமையாப் பொறந்திருந்தா தெருவாவது தூங்கியிருக்கும் என்றாள். அதையும் உன்னைக் கோர்ட்டில் சொல்லச் சொல்லலாமா என்று அரசாங்க வக்கீலிடம் கேட்டேன், அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நீ சொல்லாதே. நான் வைத்திருக்கிறேன், என்னிடம் பத்திரமாக இருக்கும்.

சாட்சி சொல்லும் அறைக்கு வெறும் வயிற்றில் போகாதே. காலுக்கு ஒரு முக்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள், வீங்கினால் உனக்கு எரிச்சல் வரும், எரிச்சலில் படபடவென்று பேசுவாய். தலையை ஆட்டாதே, ஆமாம் இல்லை என்று வாயால் சொல். கேள்வி காதில் விழாவிட்டால் விழவில்லை என்று சொல், குத்துமதிப்பாகச் சொல்லாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே. பார்த்ததை எப்படிச் சொல்வது என்று நான் எழுதமாட்டேன், அன்றைக்கு மாடியில் இருந்தது நீதான், நான் இல்லை. அந்தக் கேமராவைப் பார், டிவியில் என் முகத்தைத் தேடாதே.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். முடிந்ததும் அந்த அறையை விட்டு வெளியே வந்து எனக்கு போன் போடு. கோர்ட் வாசலுக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில், போனை மடியில் வைத்துக்கொண்டுதான் இருப்பேன். முதல் மணிக்கே எடுப்பேன்.

இப்படிக்கு,
வாயைக் கட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா